கடலைப் பார்த்த பச்சைக் கதவுகள்

போன மாதம் என் பேரன் என்னைக் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிப் போனான். "பாட்டி, இந்த மாதிரி இடத்தையெல்லாம் நீ பார்த்தே இருக்க மாட்டே" என்றான். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து நான் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். என் வயதுக்காரர்களே, உங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாம் என்னவோ பிறந்ததிலிருந்தே ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தவர்கள் மாதிரி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, ஒன்பது வயதில், கடலோர பங்களாவில் நாற்பது நாள் இருந்தவள் நான். சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி, ஆள் உயரக் கண்ணாடி, கூரையில் தொங்கும், கயிறு கட்டி இழுக்கும் பங்கா, எல்லாம் அப்போதே பார்த்தாயிற்று. அந்த பங்களாவில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி இத்தனை வருஷம் பெருமையடித்துக்கொண்டும் இருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் இடையில், கூவத்தின் கரையில். அப்போது அந்த ஆற்றில் மாடு குளிப்பாட்டுவோம், நாங்களும் குளிப்போம் என்றால் பேரன் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மல்லித் தோட்டமும் கொஞ்சம் நெல் நிலமும் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் தோல் கம்பெனி துரை ஒருவரின் மோட்டார் பெரிய ரோட்டை விட்டு எங்கள் வயல் சேற்றில் இறங்கிவிட்டது. நைனா ஏர் மாடுகளை ஓட்டிப்போய்க் கட்டி இழுத்து மேலே ஏற்றினார். துரை கைகுலுக்கக் கையை நீட்டினாராம். நைனாவுக்கு அதெல்லாம் தெரியாது, அந்தக் கையிலேயே ஒரு கூடை மல்லியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து துரைசானிக்கு வாராவாரம் பூ போகும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது துரையின் காதுக்கு எட்டியதும் அந்தப் பூக்கூடை வழியாகத்தான்.

அந்த வருஷம் மாசியில் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். சோற்றைக் கண்டால் குமட்டல். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வந்து பார்த்த டாக்டர் நைனாவை வாசலுக்குக் கூப்பிட்டு, "நாற்பது நாள் கடல் காற்று படணும். இதே இருட்டு அறையில இன்னும் போட்டு வச்சிருந்தா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். துரை கோடைக்கு ஊட்டிக்குப் போகிறவர். எண்ணூரில் கடல் பக்கமாக அவருக்கு ஒரு பங்களா இருந்தது. பூட்டித்தானே கிடக்கப்போகிறது, போய் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அத்தை கூட வந்தாள். அத்தை நைனாவின் அக்கா, சின்ன வயதிலேயே தாலி இழந்தவள். அவளுக்கு ஒரே பெண். அந்தப் பெண் தலைப்பிரசவத்தில், பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் போய்விட்டாள். காற்றுப் பட்டு ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். அதன்பின் அத்தை தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். பெண்ணைப் பற்றி அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யார் பிள்ளை பெற்றாலும் காதில் பஞ்சு, தலையில் துணி, ஜன்னலில் கோணி, எல்லாம் அத்தையின் அதிகாரம். நைனாவே அந்த அறைக்கு முன்னால் மெதுவாகத்தான் நடப்பார்.

சித்திரை பிறந்ததும் இரண்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு வண்டியில் வைக்கோல் மெத்தையில் அம்மா, சுற்றிலும் படுதா. இன்னொன்றில் அரிசி, விறகு, அம்மி, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நான்கு குடம். பின்னால் கறவை மாடு. அம்பத்தூர் ஏரிக்கரையில் சோறு தின்று, மாதவரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் போய்ச் சேர்ந்தோம். அத்தை படுதாவை விலக்கவே இல்லை. அம்மாவைப் படுதாவோடு சேர்த்தே தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

வாசலில் வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக ஒருவர் நின்றார். அவர்தான் பட்லர். வேதக்காரர், கழுத்தில் சிலுவை. துரை ஊரில் இல்லாவிட்டாலும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டார். "தொரை சொல்லிட்டுப் போய்க்கிறாரு. விருந்தாளிங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாதாம்" என்றார். மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டும் முள்கரண்டியும் அடுக்கி வைத்திருந்தார்.

அத்தை அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். "எங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் தென்னை மரத்தடியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். பட்லர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் மறுநாளும் மேசையைப் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிடும்போது, யாரும் உட்காராத அந்த மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வீம்பு.

எங்களை இறக்கிவிட்டு நைனா ஊருக்குத் திரும்பிவிட்டார். மல்லி கொட்டுகிற சமயம், தோட்டத்தை விட்டுவிட்டு இருக்க முடியாது. அமாவாசைக்கு வருவதாகச் சொன்னார்.

இனிமேல்தான் கூத்து. அம்மாவுக்குக் கொடுத்தது கடலைப் பார்த்த பெரிய அறை. அதில் நான்கு பச்சைக் கதவுகள், தரையிலிருந்து கூரை வரைக்கும். மூடினாலும் காற்று வரட்டும் என்று சாய்வாகப் பலகை வைத்து இழைத்தவை. அத்தை முதல் வேலையாக நான்கையும் சாத்தினாள். அதுவும் போதாமல், தன் பழைய புடவையைக் கிழித்து, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் துணியைத் திணித்தாள். அரை நாள் வேலை. நான்தான் துணி கிழித்துக் கொடுத்தேன்.

"அத்தே, டாக்டரு காத்து படணும்னுதானே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அதான் கடலாண்ட இட்டாந்துட்டோமே, அப்புறம் இன்னா? பச்ச ஒடம்புக்காரி மூஞ்சிக்கு நேரா காத்த உடுவாங்களா? துணியக் குடுறீ."

இதில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் ஒரு முரணும் தெரியவில்லை. டாக்டர் கடல் காற்று என்றார், கடலுக்கு வந்தாயிற்று. அத்தை காற்று ஆகாது என்றாள், கதவை மூடியாயிற்று. இரண்டு பேர் பேச்சையும் ஒரே சமயத்தில் தட்டாமல் கேட்ட குடும்பம் எங்களுடையது. பத்து மைல் அல்ல, இருபது மைலுக்கு மேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தது, ஊரில் இருந்த அதே இருட்டு அறையை எண்ணூரில் கட்டிக்கொள்ளத்தான்.

எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. கடலை நினைத்த நாளிலெல்லாம் தொடக்கூடாது, அமாவாசையன்றுதான் தொடலாம் என்பது அத்தையின் கணக்கு. வாசலைத் திறந்தால் கடல், நான் கால் நனைக்கக்கூடாது! அலை வந்து போன ஈரத்துக்கு இப்பால் குந்திக்கொண்டு நண்டு வளையைத் தோண்டுவேன். ஓர் அலை கொஞ்சம் நீளமாக வந்தால் எழுந்து ஓடுவேன். "ஏ பொண்ணே! கால எடு!" என்று கொல்லையிலிருந்தே அத்தை கத்துவாள். அவளுக்கு முதுகிலும் கண்.

அம்மா கடலைப் பார்த்ததே இல்லை. அதை நான் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே சாம்பிராணிப் புகையும் வியர்வையும் புழுங்கிக் கிடக்கும். இருட்டில் அம்மாவின் கண் மட்டும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

"அது எப்டிடீ கீது?" என்று கேட்பாள்.

"அம்பத்தூர் ஏரிய உட பெருசும்மா."

"எவ்ளோ பெருசு?"

"அந்தாண்ட கரையே இல்ல."

"கர இல்லாம எப்டிடீ தண்ணி நிக்கும்?"

"அது நிக்கல, வந்துகினே கீது" என்றேன். அம்மா கொஞ்சம் சிரித்தாள். அவ்வளவு சிரித்ததற்கே இருமல் வந்துவிட்டது.

பத்து நாளில் அவள் இன்னும் மோசமானாள். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பேச்சு காற்றாகத்தான் வந்தது. ஒரு நாள் கொல்லையில் பட்லர் பொறுக்க முடியாமல் அத்தையிடம் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, நான் தெரியாமதான் கேக்குறேன். காத்துக்குன்னு வந்துட்டு கதவ சாத்திகினா இன்னா அர்த்தம்? தொரைசானி ஒடம்பு முடியலன்னா நாலு கதவயும் தொறந்து போட்டுட்டு அங்கயே படுத்துக்கும்."

"தொரைசானி மாட்டுக்கறி துன்ற ஒடம்பு. எங்க ஊட்டுப் பொண்ணு பூ மாதிரி. உன் வேலையப் பாருய்யா!"

"பூவுன்னா மட்டும் காத்து வேணாமா?"

அத்தை கையில் இருந்த அகப்பையைத் தரையில் போட்டாள். பட்லர் நடையைக் கட்டினார். போகும்போது என் பக்கம் திரும்பி, "இன்னாமோ போ பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானமே நைனா வந்துவிட்டார். தென்னை மரத்தடியில் அத்தை அவரிடம் சொன்னதை நான் மாட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தம்பி, கடல் ஒத்துக்கல. நாளைக்கு முழுகிட்டு வண்டியக் கட்டு. அவ பொழைக்கமாட்டாடா. போறதுன்னா நம்ம மண்ணுல போவட்டும்."

நைனா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா சாகப்போகிறாள் என்று முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் கடலுக்குப் போனோம். பதினொரு நாளாக நான் காத்திருந்த அமாவாசை. அத்தை தன் பெண்ணை நினைத்து முழுகுவதற்காக எள்ளும் பூவும் எடுத்துக்கொண்டாள். பட்லர்கூட உலர்ந்த துண்டுகளைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். ஈர மணலில் நான் காலை வைத்தாயிற்று. இன்னும் நான்கு அடி வைத்தால் அலை. அப்போதுதான் வீட்டில் அம்மாவைத் தவிர யாருமே இல்லை என்பது என் மண்டையில் உறைத்தது.

"அத்தே, வயித்த வலிக்குது!"

"இப்பதான் வலிக்கணுமா? ஓடு, போய்ட்டு ஓடியா!"

ஓடினேன். நேராகப் போய் முதல் கதவில் திணித்திருந்த துணியையெல்லாம் பிடுங்கினேன். தாழ்ப்பாள் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தேன். பித்தளைக் குமிழ் கையோடு கழன்று வர, நான் மல்லாக்க விழுந்தேன். ஆனால் தாழ்ப்பாள் நகர்ந்திருந்தது. கதவை உதைத்தேன். அது படாரென்று திறந்து வெளிச்சுவரில் போய் மோதியது.

வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. கொசுவலை கூரை வரைக்கும் எழும்பியது. அத்தையின் கிழிந்த துணிகள் தரையெல்லாம் ஓடின. அம்மா இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விரலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

"அடியம்மா!" என்றாள். "இதுவா?"

அடுத்த கதவுக்கு நான் போவதற்குள் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு மாதமாக எழாதவள். என் தோளில் கை போட்டுக்கொண்டு வெராந்தாவுக்கு வந்தாள். அங்கே துரையின் சாய்வு நாற்காலி இருந்தது. கால் நீட்டிப் போட்டுக்கொள்ள இரண்டு பக்கமும் நீளமான கட்டை வைத்தது. பட்லர் தினமும் துடைப்பாரே தவிர, உட்கார மாட்டார். அதில் அம்மாவை உட்கார வைத்தேன். தலையில் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்துக் கீழே போட்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நாங்கள் அப்படியே இருந்தோம். அத்தை ஈரப் புடவையோடு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அன்று பார்த்த மாதிரி ஒரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அப்போது எனக்கு அது கோபமாகத்தான் தெரிந்தது. என் முதுகில் விட்டாள் ஓர் அறை.

"பாவி! கொன்னுட்டியேடீ! தம்பி, தூக்குடா அவள உள்ள!"

அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"மூடாதீங்க அண்ணி. செத்தாலும் காத்தோட்டமா சாவறேன். உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன்."

நைனா, ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். திரும்பி நின்று மாடுகளைப் பார்த்தார். பட்லர் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு சிலுவை போட்டார். அத்தை உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டு வந்து அம்மாவின் காதைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு, அம்மாவுக்கும் கடலுக்கும் நடுவில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். புடவை உடம்போடு ஒட்டி உலர்கிற வரைக்கும் அவள் அசையவில்லை.

அன்று வண்டி கட்டவில்லை. மறுநாளும் அம்மா வெராந்தாவுக்கு வந்தாள், அத்தையும் வந்து குறுக்கே உட்கார்ந்தாள். ஆனால் ஒரு சாண் தள்ளி. அதற்கடுத்த நாள் இன்னும் ஒரு சாண். ஒரு வாரத்தில் அத்தை தூணுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். அம்மா மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டாள். இருபதாம் நாள் பட்லர் போட்ட மேசையில், நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வைத்த ரொட்டியை முள்கரண்டியால் குத்திப் பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பட்லருக்கு வந்த பெருமையில் கோட்டுப் பொத்தானே தெறித்துவிடும் போலிருந்தது. எனக்குக் கடல் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டோம். வண்டி ஏறும்போது அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பி பெண்டாட்டி பிழைத்த சந்தோஷம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா அதற்கப்புறம் நாற்பது வருஷம் இருந்தாள். எனக்கு ஒரு தம்பியையும் பெற்றுக் கொடுத்தாள். அவனைப் பெற்ற அறையில் கோணி கட்டவில்லை. நானோ ஊரெல்லாம் என் கதையை அளந்துகொண்டு திரிந்தேன். கழன்று வந்த பித்தளைக் குமிழை யாருக்கும் தெரியாமல் என் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். பதினாறு வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அத்தை என் பெட்டியை அடுக்கும்போது அது அவள் கையில் அகப்பட்டது. அது எந்தக் கதவினுடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"எம் பொண்ணும் கேட்டாடீ" என்றாள். "காத்து வேணும், ஜன்னலத் தொறன்னு எட்டு நாளும் கேட்டுகினே இருந்தா. நான் தொறக்கல. ஒம்போதாம் நாளு மனசு கேக்காம தொறந்தேன். அன்னிக்கே போய்ட்டா. நான் தொறந்ததாலதான் போனான்னு நெனச்சிகினு இருந்தேன். உங்கம்மா எழுந்து ஒக்காந்ததப் பாத்தப்புறம்... மொதல் நாளே தொறந்திருக்கணுமோ? நீ சொல்லு."

எனக்குப் பதினாறு வயது. கதவைத் திறந்து அம்மாவைப் பிழைக்க வைத்தவள் நான். எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை.

"ஆமா அத்தே" என்றேன். "மொதல் நாளே தொறந்திருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். புடவைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். குமிழைப் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை. எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் நர்ஸ் படிப்பு முடித்து வந்த வருஷம், பேச்சோடு பேச்சாக அத்தை பெண் செத்ததையும் சேர்த்து இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். "காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றாள். "பிரசவம் பார்த்தவங்க கை, போட்ட துணி, இதுங்க சுத்தமா இல்லன்னா வர்ற காய்ச்சல் அது. ஜன்னலைத் திறந்திருந்தாலும் அவங்க போயிருப்பாங்க, மூடியிருந்தாலும் போயிருப்பாங்க." நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை இறந்து அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் போன அன்று இடுப்பிலிருந்து எடுத்த சுருக்குப்பையில் பாக்குவெட்டியோடு அந்தக் குமிழும் இருந்ததை நான்தான் பார்த்தேன். பார்த்தும் அப்போது ஒன்றும் புரியாமல், என் சாமான் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது.

ரிசார்ட்டில் எங்களுக்குக் கொடுத்த அறையில் கடல் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. "அதைத் தொறடா" என்றேன். "இது திறக்காது பாட்டி, ஏ.சி. ஓடுது" என்றான் பேரன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய், மணலில் போட்டிருந்த நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. குறுக்கே யாரும் இல்லை.

"நீங்க தொறந்ததாலயும் இல்ல, மூடுனதாலயும் இல்ல அத்தே" என்றேன், சத்தமாகவே.

பின்னாலேயே வந்த பேரன், "யார்கிட்ட பேசறே பாட்டி?" என்று கேட்டான்.

"எங்க அத்தைகிட்டடா" என்றேன். "ஒரு கேள்வி கேட்டாங்க. தப்பா பதில் சொல்லிட்டேன்."